சேருக்கு மூன்று பக்கம், கணவருக்கு ஆறு வரி

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை ஆறுதலாக இருந்து வாசித்தேன். மற்றவர்களும் வாசிக்கப் போவதால் முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியோ விட்டோ இருக்கிறேன், பயப்பட வேண்டாம். நீங்கள் நிலத்தடி நீரை ஆராய்பவர். கணவர் அரச உத்தியோகத்தர், தரம் 7இல் ஒரு மகன். உங்களை இந்தத் துறைக்குக் கொண்டுவந்த சேர் போன வருடம் காலமானார். யாழ்ப்பாணக் குடாநாட்டு வலிகாமத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதாமாதம் அளந்து சீஆர் கொப்பிகளில் எழுதி வைத்தவர் அவர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் கையைப் பிடித்து "விடாமல் அள பிள்ளை" என்றிருக்கிறார், நீங்களும் ஓம் என்றிருக்கிறீர்கள். இப்போது கொப்பிகள் பெட்டி பெட்டியாக மகனுடைய படிக்கிற அறையில். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் ஸ்கூட்டியில் கிணறு கிணறாகப் போகிறீர்கள். கணவர் தைப்பொங்கலுக்குப் பிறகு விறாந்தையில் படுக்கிறார், சாப்பாட்டு நேரத்தில் மகன் ஊடாகத்தான் கதை, போன மாதம் "பேப்பரைப் போடுவம்" என்று சொல்லிவிட்டார். கை நீட்டியதில்லை, குடியில்லை, வேறு தொடர்பும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மேலே, சேரின் ஆட்டைத் திவசத்துக்கு வெளியிடும் நினைவு மலரில் நீங்கள் கட்டுரை எழுத வேண்டுமாம், ஆனால் உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் கிணற்று நீரில் சேரும் நைத்திரேற்றுப் பற்றிய உங்களுடைய முடிவுகளை அதில் தொடக்கூடாதாம். உங்கள் கேள்வி: சேருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதா, கலியாணத்தைக் காப்பாற்றுவதா?

நீங்கள் எழுதியது நாலு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் மூன்று பக்கம் சேர். கணவர் ஆறு வரி. இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, உளவளத்துணைக்கு வருபவர்களிடம் நாங்கள் முதலில் கவனிப்பதே எதைப் பற்றி எவ்வளவு நேரம் கதைக்கிறார்கள் என்பதைத்தான். அந்த ஆறு வரியில் ஒரு விசயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சேர்.

சேரைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குத் தொண்டையை அடைத்தது. 1995 ஐப்பசி இடப்பெயர்வில் சனம் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது அவர் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனது கொப்பிகளை. சுண்ணக்கட்டி பூசிய உருக்கு நாடாவைக் கிணற்றுக்குள் இறக்கி, ஈரம் பட்ட இடத்தில் சுண்ணம் நிறம் மாறியிருப்பதைப் பார்த்து அளவெடுக்கும் முறையை உங்களுக்குப் பழக்கியவர். கிணற்றுக்கட்டில் பெயின்றால் ஒரு புள்ளி வைத்து எப்போதும் அதிலிருந்தே அளக்க வேண்டும் என்பாராம், புள்ளி அழிந்தால் வீட்டுக்காரருடன் சண்டை பிடிப்பாராம். நான் இந்தத் துறைக்காரி இல்லை. ஆனாலும் வற்றாத ஆறு ஒன்றுமில்லாத இந்தக் குடாநாட்டில், மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்பதைத்தான் நாங்கள் கிணறு கிணறாக அள்ளிக் குடிக்கிறோம் என்பதும், கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் வரைக்கும் நன்னீர் இருக்கும் என்பதும் எனக்குப் புதுசு. அப்படியானால் மேலே ஒரு சாண் குறைவது சின்ன விசயம் இல்லை. சேர் ஏன் அந்தச் சாணுக்காக வாழ்நாளைக் கொடுத்தார் என்று விளங்குகிறது.

அவர் இறந்தபோது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்: சாவீட்டில், கதிரைகள் அடுக்கியிருந்த பக்கம். எங்கள் ஊரில் செத்தவீடு என்பது சொந்தக்காரருடையது. மகள் ஒப்பாரி சொல்லலாம், பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கலாம், இருபது வருடம் பக்கத்தில் நின்று வேலை பழகிய மாணவிக்கு அங்கே ஒரு இடமும் இல்லை, தேத்தண்ணி கொடுக்கலாம், அவ்வளவுதான். அந்தியேட்டி முடிந்த அடுத்த ஞாயிறே நீங்கள் நாடாவைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டதை நான் கடமை என்று மட்டும் வாசிக்கவில்லை. அழுவதற்கு உங்களுக்குக் கிடைத்த இடம் அந்தக் கிணற்றடிதான். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் கணவருக்கு அது தெரியுமா? "வேலைக்குப் போறன்" என்று சொல்லிவிட்டுத்தானே போனீர்கள்? வேலை என்றால் அவர் கோபிக்கலாம். துக்கம் என்று தெரிந்திருந்தால் ஒருவேளை கூடவே வந்திருப்பார். வந்திருக்க மாட்டார் என்றும் நீங்கள் சொல்லலாம், ஆனால் அவருக்கு அந்தச் சந்தர்ப்பம் கிடைக்கவேயில்லை.

இன்னொருவர் இருக்கிறார், கடிதத்தில் ஒரே ஒரு இடத்தில் வந்து போகிறார்: சேருடைய மனைவி. பெட்டிகளை ஏற்றப் போன அன்று அன்ரி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், "கொண்டு போ பிள்ளை, இந்த வீட்டில எனக்கும் கொஞ்சம் இடம் வேணும்." இதை நீங்கள் துக்கத்தில் சொன்ன வார்த்தை என்று தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1995இல் சைக்கிள் கரியரில் கொப்பி இருந்தது என்றால் அன்ரியின் தலையிலும் இடுப்பிலும் என்ன இருந்தது? ஆர் தூக்கியது? சேரைப் பற்றி ஊர் முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொண்ட நீங்கள் அன்ரியிடம் ஒரு பின்னேரம் போய் இருந்து, "நீங்கள் எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?" என்று கேட்டதில்லை என்று நினைக்கிறேன். போய்க் கேளுங்கள். சேர் விட்டுப்போனதில் அந்த வீட்டுக் கணக்கும் சேர்த்தி, அதை அன்ரியைத் தவிர ஒருவராலும் சொல்ல முடியாது. பொற்காலம் என்பாரோ, பொறுத்துக்கொண்டேன் என்பாரோ, எனக்குத் தெரியாது. எதுவானாலும் நீங்கள் கேட்க வேண்டியது.

சரி, இனி ஆறு வரி.

அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "அவருக்கு ஒரு கிராஃப் கூட வாசிக்கத் தெரியாது. கொதிக்க வைத்தால் நைத்திரேற்றுப் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவு கூடத்தான் செய்யும் என்று எத்தனை தரம் சொல்லியும் விடிய எழும்பிக் கேத்திலை வைத்து எனக்கும் மகனுக்கும் தண்ணீர் கொதிக்க வைத்துப் போத்தலில் விட்டு வைப்பார். கேத்திலில் படியும் சுண்ணாம்பைத் தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைத்துக் கழுவுவதும் அவர்தான். எங்கள் வீட்டுக் கிணற்று ரிசல்ற்றை ஊர்க் கூட்டத்தில் கேட்டதிலிருந்துதான் இப்படி மாறினார்."

தங்கச்சி, நீங்கள் சொன்ன வேதியியல் முழுக்கச் சரி. மனுசன் செய்வதும் எனக்கு விளங்குகிறது. உங்களுக்கு அவரிடமிருந்து இப்போது வந்துகொண்டிருக்கும் ஒரே வார்த்தை அந்தப் போத்தல். விறாந்தையில் படுக்கிற ஆள், வாய் திறந்து கதைக்காத ஆள், விடிய எழும்பி உங்களுக்கும் சேர்த்துத் தண்ணீர் வைக்கிறார். அதற்கு அவருக்குக் கிடைப்பது ஒரு பாடம். ஜோன் கொட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், தம்பதிகளை ஆய்வுகூடத்தில் இருத்தி அவர்கள் சண்டை பிடிக்கிற விதத்தை வருடக் கணக்காகப் பார்த்தவர். ஆளையே குறை சொல்லுதல், எள்ளல், தன் பக்கத்தையே நியாயப்படுத்திக்கொண்டு நிற்றல், வாயை மூடிக்கொண்டு சுவர் மாதிரி இருத்தல் என்று நாலு பழக்கங்களைச் சொல்லி, மணமுறிவுக்கு மிகக் கிட்டக் கொண்டுபோவது அந்த எள்ளல்தான் என்கிறார். உங்கள் வீட்டில் சுவராக இருப்பது அவர். ஆனால் "ஒரு கிராஃப் கூட" என்பதில் இருக்கும் அந்த "கூட" உங்களுடையது.

அதைவிடப் பெரியது கிணறு. உங்கள் வீட்டுக் கிணற்று நீரில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருக்கிறது. மாரிக்குப் பிறகு இன்னொரு மாதிரி எடுத்து உறுதிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று நீங்கள் வைத்திருந்தீர்கள், அதற்கிடையில் கிணறுகளின் பட்டியல் ஊர்க் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது, அவர் கடைசி வரிசையில் இருந்து கேட்டார். ஒரு விஞ்ஞானியாக இரண்டாவது மாதிரிக்குக் காத்திருந்தது நியாயம். ஆனால் அது அவர் குடிக்கிற தண்ணீர், மகன் குடிக்கிற தண்ணீர். புட்டிப் பால் குடிக்கிற குழந்தைகளுக்குத்தான் நைத்திரேற்று உடனடி ஆபத்து என்பதும், உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டியவன் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவருக்கு அன்றைக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார், "உங்கட வீட்டிலயே பிரச்சினையோ?" என்று ஆரோ கேட்கிறார், உங்கள் மனுசனிடம் பதில் இல்லை. கொப்பிப் பெட்டிகளும் ஞாயிற்றுக்கிழமைகளும் அவருக்கு எரிச்சல் தந்திருக்கும். விறாந்தைக்கு அனுப்பியது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: சேருடைய வாக்கும் உங்கள் கலியாணமும் ஒன்றோடொன்று மோதவில்லை. சேருடைய பெயரை முன்னால் நிறுத்தி நீங்கள் அவருக்குப் பின்னால் நிற்கிறீர்கள். வீட்டில் கதைக்கக் கஷ்டமானதைக் கதைக்காமல் விடுவதற்கு அந்த வாக்கு வசதியாக இருக்கிறது. இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும், ஆனால் சுற்றி வளைத்துச் சொல்ல நீங்கள் எனக்கு எழுதவில்லை.

இந்தக் கிழமை அவரிடம் ஒன்று சொல்லுங்கள். மகன் ரியூசனுக்குப் போன நேரமாகப் பார்த்து, விறாந்தையிலேயே போய் இருந்து, "எங்கட கிணத்து விசயத்தை உங்களுக்கு முதல்ல சொல்லியிருக்க வேணும். சொல்லேல்ல. பிழை என்ர" என்று மட்டும். "ஆனால்" என்று தொடங்கும் எதையும் அதற்குப் பின்னால் போடாதீர்கள், இரண்டாவது மாதிரியின் கதை அன்றைக்கு வேண்டவே வேண்டாம். பிறகு, அன்று கூட்டத்தில் அவருக்கு எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். அவர் கத்தலாம். எழும்பிப் போகலாம். "இப்ப ஏன் வந்து சொல்லுறாய்" என்று கேட்கலாம், அந்தக் கேள்விக்கும் நியாயம் உண்டு. ஒரே நாளில் ஒன்றும் மாறாது. விடியக் கேத்தில் வைக்கும்போது நைத்திரேற்றுப் பாடத்தை நிறுத்திவிட்டுப் போத்தலை வாங்கிக்கொள்ளுங்கள். குடிதண்ணீருக்கு என்ன வழி, குழாய்த் தண்ணீரா, பவுசரா, வடிகட்டியா, என்பதை அவரோடு சேர்ந்து தீர்மானியுங்கள். அது உங்களுடைய துறை என்பதாலேயே தனியாகத் தீர்மானித்துவிட வேண்டாம்.

இருவருமாக ஒரு உளவளத்துணையாளரிடம் போவது நல்லது. பிரதேச செயலகங்களிலேயே அதற்கென உத்தியோகத்தர் இருக்கிறார்கள், காசில்லை. அவர் அரச உத்தியோகத்தர் என்பதால் தெரிந்த முகங்கள் என்று கூச்சப்படுவார், அப்படியானால் வேறு பிரதேசத்தில் பாருங்கள். அவர் வராவிட்டாலும் நீங்கள் தனியாகப் போங்கள், சேருடைய துக்கத்துக்காகவாவது.

"பேப்பரைப் போடுவம்" என்பது பற்றி. இரண்டு பேரும் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும் என்று நீங்கள் இருவரும் நினைப்பது போலத் தெரிகிறது. இலங்கையின் பொது விவாகச் சட்டத்தில் அப்படியொரு வழி இப்போதைக்கு இல்லை. பிறரோடு தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டது, கலியாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு, இந்த மூன்றில் ஒன்றை ஒருவர்மேல் மற்றவர் மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். உங்கள் கதையில் இவற்றில் ஒன்றும் இல்லை. இருப்பது போலக் காட்டுவதற்கு ஆராவது ஒருவர் பழியை ஏற்க வேண்டி வரும், அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருநாள் எடுத்து வாசிக்கும். அப்புறம், யாழ்ப்பாணத் தமிழருக்கான சொத்துச் சட்டமான தேசவழமை. நீங்கள் இருக்கும் வீடு உங்களுக்குச் சீதனமாக வந்தது, அது உங்களுடையது. ஆனால் கலியாணம் இருக்கும்வரை அதை விற்கவோ எழுதிக் கொடுக்கவோ அவருடைய எழுத்துமூல சம்மதம் வேண்டும். கலியாணத்துக்குப் பிறகு இருவரும் உழைத்துச் சேர்த்தது தேடியதேட்டம், அதில் இருவருக்கும் சரிபாதி. கோபத்தில் எதிலும் கையெழுத்து வைக்க முதல் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள், யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகமும் இருக்கிறது. நிலைமை எப்போதாவது அடிதடிப் பக்கம் திரும்பினால் 1938 மகளிர் உதவி இலக்கம். உங்களுக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன், ஆனால் இதை வாசிக்கும் வேறு ஆருக்கும் தேவைப்படலாம்.

இனிக் கொப்பிகள். 1981இல் நூலகத்தையே எரியக் கொடுத்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், வேறு பிரதியில்லாத பதிவுகளைப் பெட்டியில் போட்டு ஒரு பிள்ளையின் மேசைக்குக் கீழே வைத்திருப்பது சேருக்குச் செய்கிற மரியாதையா? கறையான் ஒன்று போதும். எல்லாவற்றையும் ஸ்கான் செய்யுங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்பதிப்பாக்கும் நூலக நிறுவனத்தைக் கேட்டுப் பாருங்கள், பல்கலைக்கழக நூலகத்தைக் கேளுங்கள், மூலப் பிரதிகளைப் பத்திரமான ஓரிடத்தில் ஒப்படையுங்கள். மகனுக்கு அவனுடைய அறையைத் திருப்பிக் கொடுங்கள், இது கலியாணம் நிலைத்தாலும் முறிந்தாலும் செய்ய வேண்டியது.

அளவெடுப்பதையும் பங்கு போடலாம். நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: வலிகாமம் வடக்குக் கிணறுகள் 1990இலிருந்து உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டன, சேரால் எட்டியும் பார்க்க முடியவில்லை. 1995 ஐப்பசியிலிருந்து சனம் திரும்பி வரும்வரை கொப்பியில் தாள் வெறுமை. அந்த இடைவெளிகளோடேயே அந்தப் பதிவுக்கு மதிப்பு இருக்கிறது என்றும் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். யுத்தம் விட்ட இடைவெளியைத் தாங்கிய பதிவு, உங்கள் மகனுடைய பிறந்தநாளுக்கு ஒரு ஞாயிறு விட்டால் தாங்காதா? உங்களிடம் மாணவர்கள் இல்லையா? கிணற்றுச் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சுண்ணக்கட்டியும் நாடாவும் பிடிக்கப் பழக்க முடியாதா? "விடாமல் அள" என்றால் அளவு விடுபடக்கூடாது என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன், அளக்கிற கை உங்களுடையதாகவே இருக்க வேண்டும் என்று அவர் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

நினைவு மலர். சேர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது, வருடத்துக்குச் சராசரியாக 1,250 மில்லிமீற்றர் மழை விழும் குடாநாட்டுக்கு அதைத் தேக்கி வைத்தாலே போதும், வெளியிலிருந்து தண்ணீர் வேண்டாம் என்பது. 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த, ஆனையிறவு, வடமராட்சிக் கடல்நீரேரிகளை நன்னீராக்கும் "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டத்தை அவர் கடைசிவரை விடவில்லை. அதற்கிடையில் இரணைமடுக் குளத்துத் தண்ணீருக்காகக் கிளிநொச்சி விவசாயிகளோடு இழுபறி வந்தது, சுன்னாகம் பக்கம் கிணற்றில் கழிவெண்ணெய் மிதந்து 2019இல் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொல்லும்வரை போனது, 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் திறந்தாயிற்று. உங்கள் முடிவு என்னவென்றால், தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து, தேக்கிய மழையையும் சில இடங்களில் குடிக்க முடியாமல் ஆக்கிவிட்டன, அங்கே குடிதண்ணீர் வெளியிலிருந்துதான் வர வேண்டும். சேருடைய பழைய மாணவர்கள் சிலர் இதைத் துரோகம் என்கிறார்கள்.

தண்ணீர் விசயத்தில் ஆர் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் இதே மாதிரி ஒன்றைத்தான் நீங்கள் வீட்டிலும் செய்தீர்கள்: கேட்பவருக்கு நோகும் என்று ஒரு அளவைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தீர்கள், அது வேறு வாயால் போய்ச் சேர்ந்தது. மலரில் எழுதுங்கள், முதல் பாதியில் சேரின் நாடாவையும் பெயின்ற் புள்ளியையும், அடுத்த பாதியில் அதே கிணறுகளில் நீங்கள் கண்டதையும். ஊகத்தில் கதைக்க விரும்பாமல்தானே அந்த மனுசன் அளக்கவே தொடங்கினார். மலர்க்குழு இரண்டாவது பாதியை வெட்டினால் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம், வேறு இடத்தில் வரும். அச்சுக்குப் போக முதல் அன்ரிக்கு வாசித்துக் காட்டுங்கள். கணவருக்கும் கொடுங்கள். கிராஃப் இருந்தால் பக்கத்தில் இருந்து, எந்தக் கோடு எது என்று சொல்லிக் கொடுங்கள், அவர் கேட்டால்.

இவ்வளவும் செய்தாலும் அவர் போவதென்றே முடிவெடுக்கலாம். அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. பொங்கலிலிருந்து இன்றுவரை அவர் தனியாக இருந்து என்ன யோசித்தார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போனாலும், ஏன் போனார் என்பது இருவருக்கும் தெரிந்து போகட்டும். மகனிடம் இப்போதே ஒன்று சொல்லி வையுங்கள், அப்பாவும் அம்மாவும் கதைக்கத் தொடங்குகிறோம், செய்தி காவுகிற வேலை இனி உனக்கு இல்லை என்று. "அம்மா சாப்பிட வரட்டாம்" என்று அறைக்கும் விறாந்தைக்கும் நடக்கிற பிள்ளை அது.

கடைசியில் சின்ன எழுத்தில் ஒன்று கேட்டிருந்தீர்கள், ஆட்டைத் திவசத்துக்குக் கணவரைக் கூப்பிடலாமா, கூப்பிட்டால் அதையும் சண்டையாக்குவாரா என்று. கூப்பிடுங்கள். ஒருதரம் கேளுங்கள், கெஞ்ச வேண்டாம். வராவிட்டால் மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே ஆராவது "எங்கை அவர்?" என்று கேட்டால் கச்சேரியில் வேலை என்று சாட்டுச் சொல்லாமல் "வரேல்ல" என்று சொல்லிவிட்டு, நேரே குசினிப் பக்கம் போய் அன்ரிக்குக் கை கொடுங்கள்.